மூஷிகம் நிரபராதி

கேள்வி: பட்டுக் கரைக்கு அன்னம் வரைய டர்போ சியில் ஒரு புரோகிராம் எழுதினேன். மௌஸின் அம்பு சென்ற இடமெல்லாம் திரையில் கறை படிகிறதே, ஏன்? (பிள்ளையார்பாளையம் வாசகர்)

பதில்: மூஷிகத்தின்மேல் பிராது கொடுக்கும் பாத்தியதை பிள்ளையார்பாளையத்துக்கு இல்லாவிட்டால் வேறு யாருக்கு உண்டு! ஆயினும் இவ்விஷயத்தில் மூஷிகம் நிரபராதி. அம்பை ஓரிடத்தில் நிறுத்துமுன் அங்கிருந்த புள்ளிகளை எடுத்துப் பத்திரப்படுத்தி, அம்பு நகர்ந்ததும் அவற்றை அதே ஸ்தானத்தில் திரும்ப வைத்துவிடும் நாணயஸ்தர் மௌஸ் டிரைவர். இடையில் அம்பின் அடியிலேயே நீங்கள் புதுச் சிறகொன்றை வரைந்துவிட்டால், அதை அறியாத அந்தச் சாது பழைய புள்ளிகளைச் சிறகின்மேலேயே ஒட்டிவிடுகிறார். பதினாறடிமானக் கணக்கில் 33 என்னும் இண்டரப்டை, ஏ.எக்ஸ் ரிஜிஸ்டரில் 2 வைத்து அழைத்து அம்பை மறையுங்கள். வரைந்து முடித்தபின் 1 வைத்து அழைத்துத் தோன்றச் செய்யுங்கள்.

கேள்வி: மறைத்த அம்பு, 1 வைத்து அழைத்தும் வரவில்லை! (சின்னக் காஞ்சிபுரம் வாசகர்)

பதில்: 1979-இல் தரிசனம் தந்து அனந்தசரஸுக்குத் திரும்பிய அத்திவரதர் 2019-இல் மறுபடி எழுந்தருளினார், ஒரு மறைவுக்கு ஒரு தோற்றம், கணக்கு நேர். உங்கள் புரோகிராமோ கட்டந்தோறும் மறைத்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு தடவை அழைக்கிறது. மூன்று முறை மறைத்தால் மூன்று முறை அழைத்தாக வேண்டும். டிரைவர் எண்ணிக்கொண்டே இருக்கிறார். முன்கூட்டி நாலு தடவை அழைத்து இருப்பு வைத்துக்கொள்ளலாமென்றால், அது செல்லாது.

கேள்வி: தொடுவது ஓரிடம், புள்ளி விழுவது இரட்டிப்புத் தூரத்தில். (வாலாஜாபாத் வாசகர்)

பதில்: 320-க்கு 200 புள்ளிகளும் 256 வர்ணங்களும் கொண்ட திரையிலும் டிரைவர் குறுக்கே 640 என்றே எண்ணுவார். சி.எக்ஸை இரண்டால் வகுங்கள்.

கேள்வி: அழுத்தினாலும் சில கட்டங்கள் நிரம்புவதில்லை; சில நிரம்பி உடனே அழிகின்றன. (செவிலிமேடு வாசகர்)

பதில்: நானும் பட்ட பாடு இது. ஏ.எக்ஸில் 3 வைத்துக் கேட்டால், இந்த க்ஷணத்தில் பித்தான் அழுந்தியிருக்கிறதா என்பது மட்டுமே தெரியும். திரையை வரைவதில் புரோகிராம் மூழ்கியிருக்கையில் நீங்கள் அழுத்தி விட்டுவிட்டால் அது கணக்கில் வராது, சற்றே நிதானமாக அழுத்தினாலோ ஓர் அழுத்தம் ஐந்தாறாகிக் கட்டம் மாறி மாறி நிரம்பி அழியும். ஏ.எக்ஸில் 5, இடப் பித்தானுக்காக பி.எக்ஸில் 0 என்று வைத்துக் கேளுங்கள்: சென்ற முறை கேட்டதிலிருந்து எத்தனை தடவை அழுத்தினீர்களென்று பி.எக்ஸிலும், கடைசியாக எங்கே அழுத்தினீர்களென்று சி.எக்ஸ், டி.எக்ஸிலும் சொல்லிவிட்டு, எண்ணிக்கையைச் சூன்யமாக்கிக்கொள்வார் டிரைவர்.

இது தெரியாத காலத்தில் நான் வரைந்த அன்னத்தின் அலகில் இரண்டு கட்டங்கள் விட்டுப்போயின. ஜக்கார்டுத் தறியில் வரிசைக்கு ஓர் அட்டை. துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோக்கப்பட்டுச் சுற்றிச் சுற்றி வருவதால், அலகில்லாத அன்னங்களே கரை நெடுக அணிவகுத்தன. தறிக்காரர் நாடாவை நிறுத்திவிட்டு, "என்னா சார், ஒண்ணுக்காவது மூக்கு வெச்சிருக்கக் கூடாதா?" என்றார்.

கேள்வி: மௌஸ் இருக்கிறதா என்று 0 வைத்துக் கேட்டேன், கணினி மூர்ச்சையாகிவிட்டது. (உத்திரமேரூர் வாசகர்)

பதில்: வாகனம் வாசலுக்கு வருமுன்பே புறப்பாட்டைத் தொடங்கிவிட்டீர்கள். 33-ஆம் வெக்டர் வெறுமையா என்று முதலில் பார்த்துக்கொண்டு, வெறுமையானால் மௌஸ்.காமை ஓட்டிவிட்டு வாருங்கள்.