பெரிய மருதுவுக்குச் சாதிச் சான்றிதழ்

சொந்த மண்ணுக்காகத் தூக்கில் தொங்கிய நம் தளபதிகள் பெரிய மருதுவுக்கும் சின்ன மருதுவுக்கும் குறை வைப்போமா? சாதிச் சான்றிதழே கொடுத்துவிட்டோம்.

அக்டோபர் பிறந்தால் நாச்சியாபுரம் கடைத்தெருவில் மருது சகோதரர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிளெக்ஸின் மேல்மூலையில், பாஸ்போர்ட் அளவில் இருப்பார்கள். நடுவில் ஆளுயரத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட அண்ணன். கீழே வரிசை வரிசையாகத் தம்பிகள். வெள்ளைக்காரனோடு சண்டை போட்டது யார் என்று வெளியூர்க்காரன் குழம்பினால் அவன்மேல் குற்றமில்லை.

1801 ஜூலைக் கடைசியில் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலுக்குள் நுழைந்தபோது சின்ன மருதுவின் ஊர் எரிந்துகொண்டிருந்தது. எதிரிக்கு எதுவும் மிஞ்சக்கூடாதென்று ஊரார் தாங்களே வைத்த தீ. அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடப் புறப்பட்ட கும்பினிப் படை, ஒரு மாதம் மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பி நடந்தது. பீரங்கியால் ஆகாத காரியத்துக்குப் பட்டம் கைகொடுத்தது. படமாத்தூர் கௌரி வல்லபரைச் சோழபுரத்தில் சிவகங்கைக்கு வாரிசாக அறிவித்தார்கள், ஊர் இரண்டாயிற்று. அக்டோபர் 1-ல் காளையார்கோவில் விழுந்தது. 24-ல் திருப்பத்தூரில் சகோதரர்களுக்குத் தூக்கு. ஆளைப் பிரித்தால் கோட்டை விழும் என்று அக்னியூவுக்குத் தெரிந்திருந்தது. அந்த வேலையை இன்று நம் சாதிச் சங்கங்கள் சம்பளமில்லாமல் செய்கின்றன.

உடல் திருப்பத்தூரில், தலை காளையார்கோவிலில் என்பது ஊர் வழக்கு. 24-ம் தேதி அரசாங்கம் உடலுக்கு மாலை போடும். 27-ம் தேதி சங்கங்கள் தலைக்குப் போடும். நடுவில் தடையுத்தரவு, மூடிய டாஸ்மாக், சோதனைச்சாவடி, லாரி லாரியாகப் போலீஸ். கும்பினிக்காரன்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

தூக்குக்கு நான்கு மாதம் முன்பு, ஜூன் 16-ல், திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கத்திலும் சின்ன மருது ஓர் அறிக்கை ஒட்டினார். பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம் என்று எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட அறிக்கை. அதைச் சுவரிலிருந்து எடுப்பவனுக்குப் பஞ்சமாபாதகம் செய்த பாவம் என்றும் சாபமிட்டார். மேலே பிளெக்ஸ் கட்டி மறைப்பவனுக்கு என்ன பாவம் என்று எழுதாமல் விட்டுவிட்டார். எதிரி வெளியிலிருந்துதான் வருவான் என்று நம்பிய மனுஷன்.

அவர் மகன் துரைசாமிக்கு வயது பதினைந்து. தூக்கிலிடாமல், எழுபத்துச் சொச்சம் பேரோடு பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். அந்தப் பட்டியலில் பல சாதிப் பேர்கள் இருப்பதால்தானோ என்னவோ, அவர்களுக்கு ஒரு முழம் பூக்கூட இல்லை.

அடுத்த அக்டோபருக்கு அச்சாபீஸ் போகிற தம்பிகளே, செலவு ஒன்றும் கூடிவிடாது. அந்த அறிக்கையை முழுசாக அடியுங்கள். அண்ணன் படத்தை எடுத்துவிட்டால் இடம் தாராளமாக இருக்கும்.