முட்டை விஷயமாக ஒரு விக்ஞாபனம்

பாரிஸ் மாநகரில் காரியாலயம் அமைத்துக்கொண்டு, 1919-ஆம் ஆண்டு முதல் ஆகாயத்தில் உள்ள வஸ்துக்களுக்கெல்லாம் பெயரும் பதவியும் வழங்கி வருகிற சர்வதேச வானவியல் சங்கத்தின் மகாகனம் பொருந்திய நிர்வாகஸ்தர்களின் சமுகத்துக்கு, தொலைக்காட்சிப் பெட்டியின் வழியாகவே வானத்தைப் பார்த்துப் பழகிய பாமரன் ஒருவன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்ட விக்ஞாபனம்.

ஐயன்மீர், அம்மணிமீர்,

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி சனிக்கிழமையன்று, பிபிசி நிறுவனத்தார் ஒளிபரப்பிய 'டாக்டர் ஹூ' தொடரின் 'கில் தி மூன்' என்ற அத்தியாயத்தில், இந்தப் பூமிக்கு இருக்கிற ஒரே சந்திரன் உண்மையில் ஒரு முட்டை என்று பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வெளியாகிப் பத்து வருஷங்களுக்கு மேலாகியும் தங்கள் சங்கம் அதை ஆமோதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தங்களுடைய மௌனத்தின் பலனாக, அதுவரை ஒரே இலையில் உண்டு வந்த ரசிக சமுதாயம், முட்டைக் கட்சி என்றும் கல் கட்சி என்றும் இரண்டாகப் பிரிந்து, இன்றுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்கிறது. கல் கட்சியார் அந்த அத்தியாயத்துக்கு முட்டைதான் மதிப்பெண் என்கிறார்கள். முட்டைக் கட்சியார் அதைப் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இடையில் சமாதானம் பேசப் போன என்னை இரு தரப்பாரும் வெளியே தள்ளிவிட்டபடியால், அதிகாரம் உள்ள இடத்தில் முறையிடுவதைத் தவிர வேறு மார்க்கம் எனக்குத் தோன்றவில்லை.

தொலைநோக்கியிலேயே கண்ணை வைத்திருப்பவர்களுக்குத் தொலைக்காட்சி பார்க்க அவகாசம் இராது என்று கருதி, கதையைச் சுருக்கமாகச் சமர்ப்பிக்கிறேன். வருஷம் 2049. சந்திரன் திடீரென்று கனத்துப்போனதால் பூமியிலே கடல் பொங்கிப் பேரழிவு நேர்ந்திருக்கிறது. மனித ஜாதியோ விண்வெளிப் பிரயாணத்தில் அலுத்துப்போய் அதைக் கைவிட்டுவிட்ட காலம். ஆகவே பொருட்காட்சிசாலையில் நின்றிருந்த பழைய விண்ணோடம் ஒன்றைத் தூசி தட்டி, அதில் அணுகுண்டுகளை அடுக்கி, லண்ட்விக் என்ற அம்மையாருடன் இன்னும் இருவரைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அதே ஓடத்துக்குள், வெளியே சிறுத்தும் உள்ளே பெருத்தும் இருக்கிற நீலநிறப் போலீஸ் பெட்டியில் ஏறி, இரண்டாயிரம் வயசைத் தாண்டிய டாக்டரும், அவருடைய தோழியான கிளாரா என்ற பள்ளி உபாத்தியாயினியும், கோர்ட்னி என்ற மாணவியும் வந்து குதிக்கிறார்கள். பெரிய பெரிய சிலந்திகள் பாய்கின்றன. அவை சிலந்திகள் அல்ல, கிருமிகள் என்று டாக்டர் கண்டுபிடிக்கிறார். அந்தக் கிருமி ஒன்றை அச்சிறுமி, வீட்டில் மேஜை துடைக்கிற கிருமிநாசினியைப் பீச்சிக் கொல்கிறாள். (இந்த இடத்தில் சிரிக்க வேண்டுமா, நடுங்க வேண்டுமா என்பதிலும் இரு கட்சி உண்டு, அதற்குத் தங்கள் தீர்ப்பு வேண்டாம்.) முடிவில், சந்திரன் விரிசல் விடுவது சாவதற்காக அல்ல, உள்ளே இருக்கும் குஞ்சு வெளிவருவதற்காகவே என்ற உண்மை வெளிப்படுகிறது.

இதை எழுதியவர் பீட்டர் ஹார்னெஸ். இயக்கியவர் பால் வில்ம்ஷர்ஸ்ட். சந்திரனாக நடித்தது கானரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டியின் எரிமலைத் தரை. அந்தத் தரையின் நடிப்பைப் பற்றி மட்டும் இரு கட்சியிலும் குறை கேட்டதில்லை.

இனி வழக்குக்கு வருகிறேன். சந்திரனுக்கு 130 கோடி டன் எடை ஏறிவிட்டது, அதனால்தான் பூமியில் நிற்பதுபோலவே அங்கே கால் பதிகிறது என்று டாக்டர், கையிலிருந்த யோ-யோவை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கூறினாரோ இல்லையோ, பௌதிகம் படித்த ரசிகர்களெல்லாம் பென்சிலைத் தீட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். சந்திரனுடைய நிறை, தாங்கள் அறியாததல்ல, 7.35 என்ற எண்ணைப் பத்தின் 22-ஆம் அடுக்கால் பெருக்கினால் கிடைக்கிற கிலோகிராம். அதன்மேல் 130 கோடி டன் ஏறுவது, ஏறத்தாழ 5,600 கோடியில் ஒரு பங்கு ஏறுவதாகும். அதாவது, 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதர் கல்யாண விருந்துக்குப் போய் ஒரு மைக்ரோகிராம் பருத்துத் திரும்பியதற்குச் சமானம். இலையில் விட்டுவந்த உப்புத் துகள் ஒன்று அதைவிடப் பல மடங்கு கனம். சந்திரனின் ஆகர்ஷணத்தைப் பூமியின் அளவுக்கு உயர்த்த வேண்டுமானால், பருமன் மாறாமல் நிறை ஆறு மடங்காக வேண்டும் என்று இவர்கள் கணக்கை முடித்துக் கோடு போடுவதற்குள், ஜீவசாஸ்திரம் படித்தவர்கள் வேறு வாசலால் நுழைந்து, அடைகாக்கப்படும் கோழிமுட்டையானது 21 நாளில் ஓட்டின் நுண்துளை வழியே ஈரம் போக்கி எடையில் எட்டில் ஒரு பங்கு போல் குறையுமேயன்றி ஏறாது என்று சத்தியம் செய்கிறார்கள். பிறந்து கண் திறந்த சற்று நேரத்தில் அந்தக் குஞ்சு, தான் உடைத்துவந்த முட்டை எத்தனை பெரியதோ அத்தனை பெரிய இன்னொரு முட்டையை, அதே இடத்தில், துணையின்றி இட்டுவிட்டுப் பறந்து போகிறதே, இது எந்தக் குலத்து வழக்கம் என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு எதிர்க்கட்சியில் பதில் இல்லை. முட்டையில் மயிர் பிடுங்குவது என்று எங்கள் பேச்சில் ஒரு வழக்கு உண்டு. அதை இத்தனை பெரிய முட்டையில், இத்தனை பேர் கூடி, இத்தனை சிரத்தையுடன் செய்ததை இதற்கு முன் யாரும் கண்டிருக்க முடியாது.

முட்டைக் கட்சியாரும் சும்மா இருப்பவர்கள் அல்லர். 450 கோடி ஆண்டுகளுக்கு முன் செவ்வாய் அளவுள்ள ஓர் உலகம் வழி தவறி வந்து பூமியில் முட்ட, சிதறிய குழம்பு திரண்டு சந்திரனாயிற்று என்று விஞ்ஞானிகள் சொல்லும்போது பவ்வியமாகத் தலையாட்டுகிற நீங்கள், இதற்கு மட்டும் ஏன் புருவத்தை உயர்த்துகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். 1969-இல் அப்போலோ 12 யாத்திரிகர்கள் தங்கள் ஓடத்தின் ஒரு பகுதியைச் சந்திரன்மீது விழச் செய்தபோது, அங்கே வைத்திருந்த நிலநடுக்கமானி ஒரு மணி நேரம்போல் மணியதிர்வாக அதிர்ந்ததை எடுத்துக்காட்டி, தட்டிப் பார்த்தே முட்டையின் பக்குவம் அறிய எங்கள் பாட்டிமாருக்குத் தெரியும் என்று வெற்றிப் புன்னகை செய்கிறார்கள். சந்திரன் வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் பூமியைவிட்டு விலகுவதும் அவர்களுக்குச் சாட்சியம்தான்: கூட்டிலிருந்து முட்டை உருண்டு போகிறதாம்.

சொந்த முறையில் எனக்கு இந்த அறிவிப்பால் அதிர்ச்சி ஏற்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பாஷையில் அண்டம் என்றால் முட்டை. அண்டம் என்றால் பிரபஞ்சமும் அதுவே. மிகப் பெரியது எதுவானாலும் அதைப் பிரம்மாண்டம், அதாவது பிரம்மாவின் முட்டை, என்று கூசாமல் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். பிரபஞ்சம் முழுவதையும் முட்டையென்று ஒத்துக்கொண்டவனுக்கு அதற்குள் கிடக்கும் சந்திரன் ஒரு குட்டி முட்டையாக இருப்பதில் என்ன ஆட்சேபம் இருக்க முடியும்? ஆனால் லண்டன் நகரத்து ரசிகர்களுக்கு இந்த வசதி இல்லை.

ஆட்சேபிக்கிறவர்களுடைய பூர்வசரித்திரத்தையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி தொடங்கிய இத்தொடரில், 1966-இல், பூமிக்கு மோண்டாஸ் என்ற இரட்டைச் சகோதரக் கிரகம் ஒன்று 1986-இல் வந்து சேரும் என்று காட்டினார்கள். குறித்த வருஷம் வந்தது, கிரகம் வரவில்லை, யாரும் சந்தாவைத் திருப்பிக் கேட்கவில்லை. 2008-ஆம் ஆண்டு ஜூலையில், களவாடப்பட்ட பூமியை அந்த நீலப் பெட்டியே, வண்டிமாடு காணாமற்போன கன்றைக் கட்டியிழுத்து வருவதுபோல, ஆகாயத்தினூடே இழுத்துக்கொண்டுவந்து பழைய இடத்தில் நிறுத்திற்று. அப்போது சமுத்திரங்கள் தளும்பினவா, வாயுமண்டலம் பின்தங்கிற்றா என்று யாரும் பென்சிலை எடுத்ததாகத் தகவல் இல்லை, கைக்குட்டையைத்தான் எடுத்தார்கள். பூமியைக் கயிறு கட்டி இழுத்ததை ஜீரணித்த வயிற்றில் ஒரு முட்டை ஏன் தங்கவில்லை என்பதே என் புத்திக்கு எட்டாதிருந்த புதிர்.

இந்தப் புதிருக்கு விடை காண அந்த அத்தியாயத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். குஞ்சு பொரிந்தால் ஓட்டுத் துண்டுகள் பூமியில் விழுந்து ஜனங்கள் மாளலாம். குண்டு வைத்தால் உலகில் தன் இனத்தில் தனித்த ஒரு பிராணி, கண் திறக்குமுன் சாகும். எல்லாம் அறிந்த டாக்டர் இந்தக் கட்டத்தில் என்ன செய்கிறார்? இது உங்கள் சந்திரன், பெண்மணிகளே, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் ஏறிப் போய்விடுகிறார். ஓர் உபாத்தியாயினி, ஒரு விண்வெளிப் பிரயாணி, ஒரு மாணவி ஆகிய மூவர் கையில் மனித குலத்தின் தலைவிதி. (சிசுவைப் பற்றிய இந்தக் கேள்வியில் கருச்சிதைவு விவாதத்தின் சாயலைக் கண்டு, ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய விஷயத்தை இப்படி உருவகிக்கலாமா என்று சினந்தவர்களும் உண்டு. அந்தச் சினம் பென்சில் கணக்கைவிட கௌரவமானது.) எல்லாம் முடிந்த பின் வந்து, நீ சரியாகச் செய்வாய் என்று எனக்குத் தெரியும் என்ற தோரணையில் நிற்கிற டாக்டரை, கிளாரா கண்ணீரும் கோபமுமாகச் சாடி வெளியேறுகிற கடைசிக் காட்சி இருக்கிறதே, அதை ஜென்னா கோல்மனும் பீட்டர் கபால்டியும் நடித்த விதத்தைக் கல் கட்சியிலும் மறுப்பவர் அரிது. கைவிடமாட்டார் என்று பிள்ளைப்பிராயம் முதல் நம்பியிருந்த ஒருவர் கைவிட்டுப் போனார், மனசு புண்பட்டது, புண்பட்டது என்று சொல்ல வெட்கமாயிருந்தது, ஆகவே 130 கோடி டன்னின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். என் அபிப்பிராயம் இது. இதை வெளியிட்டதற்காகத்தான் இரு கட்சியாரும் என்னை வெளியே தள்ளினார்கள்.

தங்களிடம் வந்ததற்குக் காரணம், வோட்டு. கிளாரா, பூமியில் உள்ளவர்களைப் பார்த்து, கொல்ல வேண்டுமானால் விளக்கை அணையுங்கள், பிழைக்க விட வேண்டுமானால் எரிய விடுங்கள் என்று கேட்கிறாள். பூமி இருண்டுபோகிறது. அதாவது, கொல் என்பது ஜனத்தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைக் கையில் வாங்கிக்கொண்ட உபாத்தியாயினி, கடைசி நொடியில் பொத்தானை அழுத்திக் குண்டுகளை நிறுத்திவிடுகிறாள்! இதைவிட அராஜகம் உண்டா என்று கொதிக்கிறவர்களிடம் நான் கேட்பதெல்லாம், அந்தத் தேர்தல் எந்த லட்சணத்தில் நடந்தது என்பதே. சந்திரனுக்கு முகம் காட்டாத பாதிப் பூமிக்கு வோட்டுரிமை இல்லை. முகம் காட்டுகிற பாதியிலும், பகலாயிருக்கும் இடத்தில் விளக்கு எரிந்தாலும் ஒன்று, அணைந்தாலும் ஒன்று. இரவாயிருக்கும் இடத்திலோ, உண்டு முடித்து விளக்கணைத்துத் தூங்கப் போன சாதுக்களெல்லாம் தூக்கத்திலேயே கொலைக்குச் சம்மதித்தவர்களாகிறார்கள். மின்வெட்டு வழக்கமாகிவிட்ட தேசங்களின் வோட்டு என்ன ஆகும் என்பதை எண்ணவே அச்சமாக இருக்கிறது. ஒரு மின்வாரிய அதிகாரியின் ஒற்றை விரல் கோடிக்கணக்கான வோட்டைப் போட்டுவிடும். இருள்கிற காட்சியை உற்றுப் பார்த்தால் விளக்குகள் வீடு வீடாக அணையவில்லை, வட்டாரம் வட்டாரமாகவே அணைகின்றன என்பதையும் சாட்சியாக வைக்கிறேன்.

ஆகாய விஷயத்தில் வோட்டெடுப்பு நடத்திய அனுபவம் இப்பூவுலகில் தங்கள் சங்கத்துக்கே உண்டு. 1930 முதல் கிரகமாக வாழ்ந்து வந்த புளூட்டோவை, 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் தேதி, பிராக் நகரத்து மாநாட்டில், பலரும் மூட்டை கட்டிக் கிளம்பிவிட்ட பிற்பாடு, எஞ்சியிருந்த 424 பேர் மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டிப் பதவியிறக்கினீர்கள். ஜோஸலின் பெல் பர்னல் அம்மையார் மேடையிலே குடையை விரித்துக் காட்டி, யார் குடைக்குக் கீழே, யார் வெளியே என்று விளக்கியதையும் உலகம் கண்டது. உறுப்பினர் ஆயிரக்கணக்கில் இருக்க 424 பேர் தீர்த்தது போதுமா என்று அன்றைக்குக் கேட்டவர்களுக்குத் தாங்கள் சொன்ன சமாதானத்தை, கிளாராவுக்கும் ஒரு பிரதி அனுப்பி உதவினால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். பொத்தானை அழுத்தித் தீர்மானத்தை ரத்து செய்ய ஓர் உபாத்தியாயினி புளூட்டோவுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே, அடுத்த மகாசபையில், கிரகம், குறுங்கோள் என்ற வகைகளுடன், கருக்கோள் என்றொரு வகையையும் சேர்த்து, சந்திரன் அதில் அடங்குமா என்று பரிசீலிக்கும்படி பிரார்த்திக்கிறேன். அடங்குமானால், இன்னொரு சங்கடமும் இருக்கிறது. டைக்கோ, கோப்பர்னிக்கஸ் என்று அங்குள்ள குழிகளுக்கெல்லாம் தாங்கள் அங்கீகரித்த பெயர்கள் ஓட்டோடு போய்விடுமா, புதிய முட்டைக்குச் செல்லுபடியாகுமா? 2023-இல் சந்திரயான்-3 இறங்கிய இடத்துக்கு இந்தியா சூட்டிய சிவசக்தி என்ற பெயருக்கு மறு வருஷமே தங்கள் முத்திரையும் கிடைத்துவிட்டதால், இதில் எங்களுக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. புதிதாக மனுப் போட வேண்டுமென்றால் 2049-க்கு முன் தெரிவித்துவிட்டால் நலம். எங்கள் பக்கத்தில் கோப்புகள் நகரச் சிறிது காலம் பிடிக்கும்.

சமாதானத்தை நாடும்,
இரு கட்சியாலும் விலக்கப்பட்ட ரசிகன்.

பின்குறிப்பு: இதை எழுதும் இந்த நடுராத்திரியில் என் அறை விளக்கு எரிகிறது. சந்திரனும் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. இதை முட்டைக்கு ஆதரவான வோட்டாகச் சேர்த்துவிட வேண்டாம். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவதற்காகத்தான் எரிகிறது. ஒட்டியதும் அணைத்துவிடுவேன். அப்போதும் எண்ணாதிருக்கக் கோருகிறேன்.