எப்போது பெரியவனாவேன்?

கேள்வி: வயது 23. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். ரசம் வைப்பதிலிருந்து வங்கிப் படிவம் வரை எல்லாவற்றுக்கும் அம்மாவுக்குத்தான் போன். நான் எப்போதுதான் பெரியவனாவேன்? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: தம்பி, நம் நாட்டுச் சட்டமே யாரையும் ஒரே நாளில் பெரியவனாக்கிவிடவில்லை. ஓட்டுப் போட 18. அதுவும் 1989-க்கு முன்பு 21. ஆண் கல்யாணம் செய்துகொள்ள 21. எம்.எல்.ஏ. ஆக 25, மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவராக 35. நாடே தவணை முறையில் தரும் முதிர்ச்சியை நீங்கள் ஆறே மாதத்தில் மொத்தமாகக் கேட்டால் எப்படி?

இந்த மாதத் தவணைக்கு ஒரு வேலை சொல்கிறேன். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பி.எஃப். என்று ஒரு பிடித்தம் இருக்கும். பொதுவாக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம். கம்பெனியும் தன் பங்கைப் போடுகிறது. வேலை மாறும்போது அந்தப் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நாமினி பெயரைப் பதிவு செய்தீர்களா? பலர் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பிறகு அலைவது வீட்டில் இருப்பவர்கள்தான்.

அம்மாவுக்குப் போன் செய்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்வது சின்னப்பிள்ளைத்தனம் இல்லை. ஆனால் அடுத்த முறை ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், “முழங்கால் வலி எப்படிம்மா இருக்கு, டாக்டரிடம் போனீங்களா?” என்று கேளுங்கள்.