பானட்டின் சடையை அறுப்பது எப்படி?

பழைய கார் வைத்திருப்பவருக்கு வீட்டில் மரியாதை கிடையாது. தெருவில்தான் கொஞ்சம் உண்டு. அதையும் தொலைத்துவிட விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செலவு இல்லை. அரை இஞ்ச் ஸ்பேனர் ஒன்று போதும்.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். பானட்டைத் திறந்தால் கீல் பக்கமாக, பள்ளிக்கூடப் பெண்ணின் சடை மாதிரி, செம்புக் கம்பியில் தட்டையாகப் பின்னிய ஒன்று பானட்டுக்கும் பாடிக்கும் நடுவே தொங்கும். அதைவிடத் தடிமனாக இன்னொன்று எஞ்சினிலிருந்து சேஸிக்குப் போகும். நம் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் 'பாடி எர்த்' என்பார்கள். கிரீஸும் புழுதியும் ஏறிக் கறுத்திருக்கும். எதையும் தாங்காது, சுற்றாது, சத்தம் போடாது. காரில் இவ்வளவு சும்மா இருக்கிற சாமான் வேறு இல்லை. கழற்றுவதற்கு இன்னும் என்ன காரணம் வேண்டும்?

எனக்கு அந்தச் சிரமம்கூட வைக்காமல் டிங்கரே கழற்றிவிட்டார். நான் பெருங்களத்தூர்க்காரன். என் வீட்டில் நிற்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அதுவும் பெருங்களத்தூர்தான். 1961 முதல் ஹெரால்டு இங்கே ஜி.எஸ்.டி. ரோட்டோரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்துதான் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரை இறக்கினார்கள். அது போணியாகவில்லை, சில வருடங்களில் கேட்டைச் சாத்தினார்கள். இப்போது அந்த மனையில் ஐ.டி. கட்டடங்கள். அங்கே வேலை பார்க்கும் பிள்ளை ஒருவன், "அங்கிள், இது எந்த நாட்டுக் கார்?" என்று கேட்டான். "நீ உட்கார்ந்து வேலை செய்யற இடத்துலதான்பா செஞ்சாங்க" என்றேன். கிழவருக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனான்.

போகட்டும். எஞ்சினை இறக்கி, முழு பெயிண்ட் அடித்து, கார் திரும்பி வந்த அன்று டிங்கர் பெருமையாகச் சொன்னார்: "சார், பானட்டாண்ட பச்சை புடிச்சி ஒரு கம்பி தொங்கினு இருந்துச்சி. எஞ்சினாண்டயும் ஒண்ணு. அசிங்கமா இருக்குன்னு ரெண்டையும் எடுத்துட்டேன்."

"எதுக்கு வெச்சிருந்தாங்கன்னு தெரியுமாப்பா?"

"பானட்டு பறக்காம இருக்க கட்டியிருப்பாங்க சார். அதான் ஹூக்கை நல்லா டைட் பண்ணிட்டேனே!"

கழற்றியதும் கிடைக்கும் முதல் பலன், ரேடியோவில். காரில் பழைய ரேடியோ இருந்தால் சென்னை வானொலிக்கு 720 கிலோஹெர்ட்ஸில் முள்ளை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். நாகஸ்வரத்துக்குப் பக்கவாத்தியமாக வெங்காய வடை பொரியும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் பிளக்குகள் விநாடிக்கு 100 தடவை பொறி விடுகின்றன. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். எல்லா அலைவரிசையிலும் பேசும். எஞ்சினைச் சுற்றியுள்ள தகரம்தான் அதன் வாயைப் பொத்த வேண்டும். ஆனால் பானட்டின் கீலில் கிரீஸ், கீலுக்கு அடியில் பெயிண்ட். பாடியோடு சேராமல் மிதக்கிற தகரம் மூடியாக இருக்காது, தானே ஏரியலாகிவிடும். சடை அதைப் பாடியோடு சேர்த்துவைக்கிறது. பின்னல் தட்டையாக இருப்பது அழகுக்கு இல்லை. வேகமாகத் துடிக்கும் இந்த மின்சாரம் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும். அகலமான குட்டைப் பட்டையில் தாராளமாகப் போகும், உருண்டை ஒயரில் திணறும். ஆகையால் சடைக்குப் பதில் பழைய ஃபேன் ஒயரை நீளமாகக் கட்டிவிடுங்கள். செய்த மாதிரியும் இருக்கும், செய்யாத மாதிரியும் இருக்கும்.

மொட்டைமாடி ஆன்டெனா காலத்தில் இந்தப் பொறிச் சத்தம் பக்கத்து வீட்டு டி.வி.யையும் கெடுத்தது. அதற்காகவே பிரிட்டனில் 1952இல் சட்டவிதி போட்டார்கள்.

இரண்டாவது பலன் காத்திரமானது. காரில் மின்சாரம் போவதற்குத்தான் ஒயர். திரும்பி வருவதற்குக் காரின் உடம்பே வழி. பாதிச் செம்பு மிச்சம். ஆனால் எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதன் நடுக்கம் நம் முதுகுக்கு வராமலிருக்க. அதே ரப்பர் மின்சாரத்தையும் விடாது. செல்ஃப் அடிக்கும்போது 100 ஆம்பியருக்கு மேல் எஞ்சினுக்குள் போகிறது. போனது திரும்ப வேண்டுமே? தடியான சடை இல்லையென்றால் அது அழுதுகொண்டு நிற்காது. எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருக்கிற வேறு எதையாவது பிடித்துக்கொண்டு வீடு திரும்பும். என் காரில் அது பிடித்தது சோக் கேபிளை.

தாம்பரம் மார்க்கெட் வாசலில், காலை ஒன்பது மணிக்கு, பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. செல்ஃபை அமுக்கினேன். 'டக்' என்றது, சுற்றவில்லை. மறுபடி அமுக்கினேன். டாஷ்போர்டிலிருந்து சாம்பிராணி மாதிரிப் புகை. சோக் பட்டனைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். பூக்காரம்மா ஒருவர் வந்து தண்ணீர் தெளித்தார். காருக்கா எனக்கா என்று இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் ஒரு மாதத்தில் புது பேட்டரி, செல்ஃப் மோட்டாருக்குப் புது கார்பன் பிரஷ், புது சோக் கேபிள் எல்லாம் வாங்கினேன். நீங்களும் அந்த வரிசையிலேயே வாங்குங்கள். எர்த்தைக் கடைசியில் பார்ப்பதுதான் முறை.

ஹெரால்டுக்காரர்களுக்கு இதில் தனிச் சலுகை உண்டு. 1959இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் டிரையம்ஃப் ஹெரால்டாக இது வந்தபோது, பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. அதனால் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி வரைந்த வடிவத்தைத் துண்டு துண்டாகச் செய்து, தனி சேஸியின் மேல் போல்ட் போட்டு மாட்டினார்கள். எத்தனை துண்டோ அத்தனை இணைப்பு. இணைப்புதோறும் பிரைமர், பட்டி, பெயிண்ட் என்று மின்சாரத்துக்கு மூன்று கதவுகளைச் சாத்தலாம். பெயிண்ட் வேலை எவ்வளவு நேர்த்தியோ எர்த் அவ்வளவு மோசம். இதைவிடக் கொடுத்துவைத்தவர்கள் பெங்களூரில் செய்த சிபானி டால்ஃபின் வைத்திருப்பவர்கள். அதற்கு ஃபைபர் பாடி. விளக்குக்கு விளக்கு திரும்பிவரத் தனி ஒயர் வேண்டும். சாத்துவதற்குக் கதவே கிடையாது.

பின்விளக்கின் எர்த்தையும் விட்டுவைக்காதீர்கள். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும், இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் கூடவே கண்ணடிக்கும். வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்புக்குள் புகுந்து வெளியேறுகிறது. குரோம்பேட்டை சிக்னலில் பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் உங்களைக் கல்யாண வண்டி என்று நினைத்துக்கொள்வார்.

நமக்கு இயற்கையின் ஒத்தாசையும் உண்டு. கிழக்கே கடலின் உப்புக்காற்று. மழைக்காலத்தில் மேற்கே அடையாறு. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது தண்ணீரில் நின்ற கார்களுக்கு எஞ்சினைப் பிரித்து மாட்டினார்கள், சீட்டை வெயிலில் காயவைத்தார்கள். எர்த் போல்ட்டை யார் கழற்றிப் பார்த்தார்கள்?

யாராவது கெட்டிக்காரர் மல்டிமீட்டரோடு வந்தால் பயப்படாதீர்கள். ஓம் பார்க்கச் சொல்லுங்கள். சடையில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் பூஜ்யம் காட்டும். ஏரிக்கரையில் பாதை உண்டு என்று மீட்டர் சொல்லும், லாரி போகுமா என்று சொல்லாது. ஆனால் அவர் மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்து, "செல்ஃப் அடிங்க சார்" என்றால் உடனே காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். முள் அரை வோல்ட்டைத் தாண்டினால் குட்டு உடைந்துவிடும். அப்புறம் அவர் உப்புத்தாள் எடுத்து பெயிண்டைச் சுரண்டி, வெறும் தகரத்தில் பல் வைத்த வாஷரோடு சடையை இறுக்கி, மேலே வாஸ்லின் தடவிவிடுவார். அரைமணி நேர வேலை. இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் வீண்.

என் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்துவிட்டார்.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தை. கழற்றிய சடைகளை அங்கே பழைய செம்பு விலைக்கு எடை போட்டுவிடாதீர்கள். ஒன்பது அங்குலத்தில் ஒன்று இருந்தால் சொல்லுங்கள். என் பானட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை.