கப்புச்சினோ தாம்பரத்துக்கு வராது, சித்தப்பா

ஹூஸ்டன்
நவம்பர் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி தேவலையா? நீங்கள் கேட்டதற்கு போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் சட்டம், பாரம் என்று நான் ஆரம்பித்தால் "மழை வர்றாப்ல இருக்கு, மாடியில துணி கிடக்கு" என்று போனை வைத்துவிடுவீர்கள். கடிதமென்றால் முழுசும் படித்துத்தான் ஆகவேண்டும்.

"ஊருக்கு வர்றப்ப அந்தக் காரையும் கப்பல்ல போட்டுக் கொண்டா, கேம்ப் ரோடுல ஒரு ரவுண்டு போகலாம்" என்கிறீர்கள். நடக்காது. காரணம் கடைசியில் வருகிறது.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறான் என்ற செய்தி ராஜகீழ்ப்பாக்கம் போய்ச் சேருவதற்குள் ஃபெராரி ஆகிவிட்டதாம். நான் வாங்கியது சுசுகி கப்புச்சினோ, 1993 மாடல். காப்பி பெயர் வைத்த குட்டிக் கார். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு டிபன் பாக்ஸ் வரலாம். எஞ்சின் 657 சிசி. உங்கள் மாருதியின் எஞ்சின் 796 சிசி. இரண்டும் சுசுகியின் எஃப் வரிசையில் பிறந்த மூன்று சிலிண்டர் எஞ்சின்கள், பங்காளிகள். என்னுடையதில் டர்போ இருப்பதால் 64 குதிரைத்திறன். ஆக, செலையூரிலிருந்து அமெரிக்கா வந்து, சம்பாதித்து, உங்கள் காரைவிடச் சின்ன எஞ்சினை வாங்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருக்கும் பிக்கப் வண்டியின் பானெட் என் காரின் கூரைக்கு மேலே நிற்கிறது. அவர் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் நான் வாசலுக்கு ஓடுகிறேன்.

ஜப்பானில் இது 'கேய்' வகை. 660 சிசிக்குள், அன்றைய கணக்கில் 3.3 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலத்துக்குள் இருந்தால் வரி குறைவு. ஆனால் அங்கே எந்தக் காருக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கடுமையான சோதனை உண்டு, செலவும் பிடிக்கும். 13 வருஷம் தாண்டினால் வரியும் ஏறும். அதனால் நல்ல நிலையில் இருக்கும் காரையே ஏலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த ஏலத் தாளை நீங்கள் பார்க்கவேண்டும். ரயில்வே கார் ஷெட்டில் முப்பது வருஷம் ரயில் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தவர், உங்களுக்குப் பிடிக்கும். காரின் வரைபடம் போட்டு, அங்கங்கே எழுத்தும் எண்ணும் குறித்திருப்பார்கள். ஏ என்றால் கீறல், யூ என்றால் டொக்கு, டபிள்யூ என்றால் தட்டிப் பெயின்ட் அடித்தது, எஸ் என்றால் துரு. பக்கத்திலுள்ள எண் கூடக் கூடச் சேதமும் கூடும். விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த வண்டிக்கு மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஆர் போட்டுவிடுவார்கள். ஏலம் விடுகிறவரே வண்டியின் குற்றம் குறையை எழுதிக் கொடுக்கும் ஊர் இருக்கிறது என்பதைப் புதுப்பேட்டை பழைய வண்டிக் கடைகளில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

அமெரிக்கச் சட்டம் வேறு தினுசு. இங்கே விற்பனைக்கென்று செய்யாத காரைச் சும்மா இறக்க முடியாது. 1980களில் ஐரோப்பிய சொகுசுக் கார்களை ஆளாளுக்கு நேரடியாக இறக்கியதில் கம்பெனிகளுக்கு வயிறு எரிந்தது. 1988இல் சட்டம் வந்தது. அதில் ஒரே ஒரு சந்து விட்டார்கள்: காருக்கு 25 வயது முடிந்திருந்தால் பாதுகாப்பு விதிகள் எதுவும் கேட்கமாட்டோம். வருஷக் கணக்கு மட்டுமில்லை, கார் செய்த மாதத்தையும் பார்ப்பார்கள். புகை விஷயத்தில் 21 வயது போதும், ஆனால் எஞ்சின் தொழிற்சாலையில் வந்தபடியே இருக்கவேண்டும். அதாவது காற்றுப்பை இல்லாத, கதவில் இரும்புச் சட்டம் இல்லாத பழைய கார் என்றால் வரவேற்பு. அதே கார் புதுசாக இருந்தால் ஆபத்து! நான் எதிர்த்துப் பேசவில்லை. கிடைத்த வழியைக் கெடுத்துக்கொள்வானேன்?

போன வருஷக் கடைசியில் கார் வந்து இறங்கியது. சுங்கம் 2.5 சதவீதம், எச்எஸ்-7 என்று ஒரு பாரம், 3520-1 என்று இன்னொன்று. துறைமுகத்தில் சுலபமாகவே முடிந்தது. வேடிக்கை அதற்குப் பிறகுதான்.

டெக்சாஸில் நம்பர் பிளேட் தருவது ஆர்டிஓ இல்லை, கவுண்டியின் வரி வசூல் ஆபீஸ். அவர்கள் கம்ப்யூட்டரில் சேசிஸ் எண்ணுக்கு 17 கட்டம். ஜப்பான் காரின் சேசிஸ் எண் 'ஈஏ11ஆர்' என்று ஆரம்பித்து, ஒரு கோடு போட்டு, ஆறு இலக்கத்தோடு முடிந்துவிடும். கவுன்டர் அம்மாள் மிச்சம் எங்கே என்றார். அவ்வளவுதான் பிறவியிலேயே என்றேன். வெளிநாட்டு வண்டி என்பதால் போலீஸார் நேரில் பார்த்து சேசிஸ் எண்ணை உறுதிசெய்யும் 68-ஏ பாரமும் தேவை. வந்த அதிகாரி பானெட்டைத் திறந்து எண்ணைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், "மீதி எஞ்சின் எங்கே?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒன்று சொல்லவேண்டும், 2024க்கு முன்னால் வந்திருந்தால் இதுவும் நடந்திருக்காது. கேய் வண்டிகளுக்குப் பதிவே தரமாட்டோம் என்று டெக்சாஸ் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. ரசிகர்கள் கூடிப் போராடித்தான் அந்த வருஷம் வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

எஃப்சி மாதிரி இங்கே வருஷாந்தரச் சோதனை ஒன்று இருந்தது. ஹாரன், விளக்கு, வைப்பர், பிரேக். 2025 ஜனவரி 1 முதல் சொந்தக் கார்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள். சோதனைதான் போயிற்று, 7 டாலர் 50 சென்ட் கட்டணம் மட்டும் 'சோதனைக்குப் பதிலான கட்டணம்' என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. படித்ததும் நம்ம ஊர் ஞாபகம் வந்து மனசு நிறைந்துவிட்டது.

பேர்லேண்ட் மீனாட்சி கோயிலில் பூஜை போட்டோம். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். 700 கிலோ வண்டி ஏறியதில் ஒரு பழம் நசுங்காமல் உருண்டு போய்விட்டது. உங்கள் மருமகள் அதை எடுத்துவந்து சாதம் கிளறினாள்.

ஸ்டியரிங் நம்ம ஊர் மாதிரி வலது பக்கம், இதுவோ வண்டிகளும் வலது பக்கம் போகிற ஊர். அவள் இடது பக்கம் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டு வந்தால், பக்கத்து வண்டிக்காரர்களுக்கு மாரடைப்பு வருகிறது. ஜன்னலில் சாப்பாடு கொடுக்கும் கடைகளில் அவள்தான் ஓனர், பணமும் அவளே கொடுத்தாகவேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே கார் எனக்குக் கட்டுப்படியாகிறது.

டயர்தான் தலைவலி. அளவு 165/65, 14 இன்ச். இந்த ஊரில் அந்த அளவைக் கேட்டால் தள்ளுவண்டிக்கா என்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் செய்த பழைய கிராண்ட் ஐ10 காருக்கு அதே அளவுதான். குரோம்பேட்டையில் எந்த டயர் கடையிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். தம்பியிடம் சொல்லி சூட்கேஸில் வைத்து அனுப்பிவிடாதீர்கள், டயரில் அமெரிக்க 'டாட்' முத்திரை இருந்தால்தான் இங்கே செல்லும்.

இப்போது உங்கள் கேம்ப் ரோடு ரவுண்டு. இந்தியாவுக்குப் பழைய கார் இறக்கவேண்டுமென்றால் வலது பக்க ஸ்டியரிங் வேண்டும். இருக்கிறது. ஸ்பீடாமீட்டர் கிலோமீட்டரில் காட்டவேண்டும். காட்டுகிறது. மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வரவேண்டும். வரட்டும். சுங்கம் காரின் விலையைத் தாண்டும். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடலாம். ஆனால் கார் செய்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது! அமெரிக்கா இருபத்தைந்து முடிந்தால்தான் வா என்கிறது, இந்தியா மூன்று முடிந்துவிட்டால் வராதே என்கிறது.

இன்னொரு வாசல் உண்டு. 50 வயது தாண்டினால் பழம்பெரும் கார் என்று உள்ளே விடுவார்கள். என் காருக்கு அது 2043இல். அப்போதும் 2021இல் போட்ட விதிப்படி தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, பேரணிக்கு, பழுது பார்க்க, பெட்ரோல் போட மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். ஆகவே கேம்ப் ரோடு பெட்ரோல் பங்க் வரை உங்களைச் சட்டப்படி கூட்டிப்போக முடியும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம் இதுதான். 20 வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், மாருதியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று சொன்னீர்களே, வேண்டாம். அது 1999 மாடல், 25 வயது முடிந்துவிட்டது. என் கார் தாம்பரம் வர முடியாது, ஆனால் உங்கள் கார் சட்டப்படி அமெரிக்கா வரலாம். அந்த 10,000 ரூபாயை நான் அனுப்புகிறேன், தம்பியோடு போய் ஆர்டிஓ ஆபீஸில் புதுப்பித்துவிடுங்கள். பெட்ரோல் மிச்சமென்று காஸ் கிட் மட்டும் மாட்டாதீர்கள், எஞ்சின் தொழிற்சாலையில் வந்தபடியே இருக்கவேண்டும். ஆர்சி புத்தகத்தில் வண்டி செய்த மாதம் போட்டிருக்கும், அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்