பாட்டி சொன்ன பிரின்சிபால்

நாலு பேர் ஒரே ரைஸ் குக்கரில் குடித்தனம் நடத்திய 2002-ல், நியூஜெர்ஸி பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து ஞாயிறுதோறும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிடுவோம். படிக்க அல்ல, படிக்கிறவர்கள் மாதிரி படம் எடுத்து ஊருக்கு அனுப்ப. முந்தைய ஆண்டுதான் அங்கே ஜான் விதர்ஸ்பூனின் வெண்கலச் சிலையை நிறுத்தியிருந்தார்கள். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் பாதிரியாராக இருந்து, 1768-ல் கடல் கடந்துவந்து இந்தக் கல்லூரிக்குத் தலைவரானவர். 1776-ன் சுதந்திரப் பிரகடனத்திலும் கையெழுத்திட்டவர். இதையெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பீடம் உயரம், படத்தில் அவர் தலை விழுந்தால் என் தலை விழாது என்பதுதான்.

இருபத்துநாலு படம் உள்ள பிலிம் ரோலில் இரண்டை அவருக்காக வீணடித்து, மருந்துக்கடையில் கழுவக் கொடுத்து, வந்த கவரை வீடு போகும்வரை பொறுக்காமல் வாசலிலேயே பிரித்துப் பார்த்தால், என் தலைக்கு மேல் வெறும் அங்கியின் விளிம்பு! (அந்தக் கவரின் மருந்து வாசனைக்கு இன்றைய போனில் என்ன பொத்தான் இருக்கிறது?) படம் ஊர் போய்ச் சேர்ந்ததும், காலிங் கார்டில் நிமிடத்தை எண்ணிப் பேசும்போது அம்மா கேட்டாள்: "பின்னாடி யாருடா, பாவாடை மாதிரி?"

"எங்க பிரின்சிபால்மா."

"நல்ல மனுஷனாத்தான் இருக்கணும்" என்றாள். கார்டு தீர்ந்துவிட்டது.

நல்ல மனுஷனா என்று ஒரு பல்கலைக்கழகமே உட்கார்ந்து வாதாடும் என்று அவள் கண்டாளா! சிலையை அகற்றச் சொல்லி 2022-ல் மனு போனது. விடுதலை பெற்ற கறுப்பின மாணவர்களுக்குத் தானே பாடம் சொல்லிக்கொடுத்தவர்தான்; ஆனால் 1794-ல் இறந்தபோது அவர் சொத்துப் பட்டியலில் அடிமைகள் இரண்டு பேர். ஊர்ப் பள்ளி ஒன்று அவர் பெயரை உதறிவிட்டது. விதர்ஸ்பூன் தெருவில் மட்டும் பார்க்கிங்குக்கு அதே அடிதடி. சிலை இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

போன மாதம் மகளோடு போனேன். அவள் போனில் அவர் தலை, என் தலை, பின்னால் மரம் எல்லாம் ஒரே படத்தில் அடங்கின. நான் பழைய வழக்கத்தில் பல்லைக் காட்டினேன்.

"சிரிக்காதீங்கப்பா, அடிமை வெச்சிருந்தவர்" என்றாள். அப்புறம் போனைத் தாழ்த்திக்கொண்டு, "பாட்டி சொல்ற உங்க பிரின்சிபால் இவர்தானா?"