ஊத்து மாப்ள, நல்லா ஊத்து!

ஊத்து மாப்ள. மூடியைத் திருகிப்போட்டு, புனல் வெச்சு, ஒரு சொட்டு சிந்தாம ஊத்து. பாட்டில்ல ஒட்டியிருக்கற சீட்டை நானும் படிச்சேன். மைலேஜ் ஏறுமாம், பிக்கப் கூடுமாம், வால்வு தேயாதாம், பழைய இஞ்சினுக்கு வாலிபம் திரும்புமாம். மிச்சம் இருந்தா எனக்கும் ரெண்டு மூடி குடு. முட்டி வலி தாங்கல.

அம்பாசடர் வாங்குனதைக் குத்தம் சொல்லல. நல்ல வண்டி, நாலு தலைமுறைக்குப் பாரம் சுமந்த வண்டி. ஆனா பெட்ரோல்ல ஈயம் இல்லாததால இஞ்சின் வாடிப்போச்சுன்னு ஒருத்தன் சொன்னதும் பெட்ரோல்ல கலக்கற இந்த மருந்தை வாங்கக் கடைக்கு ஓடுனயே, அந்த ஈயம் எப்படி உள்ள வந்துச்சுன்னு யாரையாச்சும் கேட்டயா?

1921ல அமெரிக்காவுல, ஜெனரல் மோட்டார்ஸ்ல வேலை பாத்த தாமஸ் மிட்ஜ்லிங்கற ஆளு, இஞ்சின் டக்குடக்குன்னு அடிக்கறதை நிறுத்த மருந்து தேடுனாரு. டெட்ராஎத்தில் லெட்ங்கற ஈயச் சரக்கு கெடைச்சுது. விக்கறப்ப ஈயங்கற பேச்சையே எடுக்காம, ‘எத்தில்’னு பேர் வெச்சு வித்தாங்க. வெவரமானவிய! 1924ல நியூஜெர்சியில அதைத் தயாரிச்ச எடத்துல அஞ்சு பேர் புத்தி பேதலிச்சுச் செத்தாங்க. ஒண்ணும் பண்ணாதுன்னு காட்ட, மிட்ஜ்லி பத்திரிகைக்காரங்க முன்னால அதுலயே கை கழுவுனாரு. அதுக்கு முந்தின வருசந்தான் அதே ஈய விசம் ஏறி ஊரை விட்டுப் போயி ஓய்வெடுத்துட்டு வந்திருந்தாரு. சீட்டுல எழுதுனதை நம்பறவனுக்கு இதை விடவா நல்ல கதை வேணும்?

வால்வைக் காப்பாத்துனது அந்த ஈயத்தோட கொசுறு. எரிஞ்ச ஈயம், எக்ஸாஸ்ட் வால்வு உக்கார்ற சீட்டு மேல மெல்லிசாப் படிஞ்சுக்கும். உரலுக்கும் உலக்கைக்கும் நடுவுல கெடக்கற நெல்லு மாதிரி. அது இல்லாமப் போச்சுன்னா, பழுக்கக் காஞ்ச வால்வு வார்ப்பிரும்புச் சீட்டுல ஒட்டி ஒட்டிப் பிரியும். பிரியறப்ப இரும்புத் துணுக்கைப் பேத்துக்கிட்டு வரும். அப்பறம் அந்தத் துணுக்கை வெச்சே சீட்டை அரைக்கும். வால்வு கொஞ்சங் கொஞ்சமா ஹெட்டுக்குள்ள எறங்கும். இது நெசம். பாட்டில்காரன் இதுல பொய் சொல்லல.

ஈயத்துக்குப் பதிலாப் பொட்டாசியம், சோடியம், மாங்கனீஸ், பாஸ்பரஸ்னு ஆளுக்கொண்ணு அடைச்சு விக்கறாங்க. இங்கிலாந்துல 2000 சனவரியோட ஈயப் பெட்ரோலை நிறுத்தறதுக்கு முன்னாலயே, பழைய வண்டிக்காரங்க கூட்டமைப்பு இஞ்சினை வேகமா ஓட்டி ஓட்டிப் பாத்துத்தான் சான்று குடுத்துது. வந்த பாட்டில் எல்லாம் தேறல. தேறுனதுலயும் ஒரு வகையோட இன்னொண்ணைக் கலக்காதீங்கன்னு சொன்னாங்க. நீ போன மாசம் சிவப்புப் பாட்டில், இந்த மாசம் பச்சை. சர்வசமய சமரசமே உன்ற டேங்க்குலதான் நடக்குது.

சரி, வால்வு எறங்கறது யாருக்கு வரும்? நெடுஞ்சாலையில மூச்சு விடாம, பாரத்தோட, கால் எடுக்காம அமுத்தறவனுக்கு. நீ அமாவாசைக்குக் கோயில், முகூர்த்தத்துக்கு மண்டபம். மாட்டு வண்டிக்கு வழி விட்டுப் போற ஆளு. அதுவும் போக, மெட்ராஸ் உட்பட நாலு பெருநகரத்துல 1995லயே ஈயமில்லாத பெட்ரோல் வந்தாச்சு. 2000 பிப்ரவரியோட நாடு முழுக்க ஈயம் ஒழிஞ்சுபோச்சு. உன்ற வண்டி கால் நூற்றாண்டா ஈயமில்லாமத்தான் ஓடிக்கிட்டிருக்குது. எறங்கற சீட்டா இருந்தா எப்பவோ எறங்கி, பழைய ஓனர் எவனாவது ஹெட்டைக் கழட்டி வேலை பாத்திருப்பான்.

உன்னையாவது மன்னிக்கலாம். எதுத்த ஊட்டுப் பையன் இதே பாட்டிலை யெஸ்டியில ஊத்தறான். அந்தப் பழைய யெஸ்டி டூ ஸ்ட்ரோக் வண்டி சாமி! எறங்கறதுக்கு அதுல வால்வே கெடையாது. தலைவழுக்கைக்குச் சீப்பு வாங்கறான், வாங்கட்டும்.

ஊத்தறதுக்கு முன்னால ஒரு வேலை பண்ணு. மெக்கானிக்கைக் கூப்புட்டு, பீலர் கேஜ் வெச்சு டேப்பெட் கேப்பைச் சரியா வெச்சு, நோட்டுல எழுதிக்க. கொஞ்ச நாள் ஓட்டிப்போட்டு மறுபடி பாரு. எக்ஸாஸ்ட் வால்வுல மட்டும் கேப் திரும்பத் திரும்பக் குறைஞ்சுதுன்னா, வால்வு எறங்குதுன்னு அர்த்தம். அப்ப ஹெட்டைக் கழட்டிக் கோயமுத்தூர்ல நல்ல லேத்துப் பட்டறையில குடுத்து, கெட்டி இரும்புல சீட் இன்சர்ட் போட்டுட்டு வா. ஒருக்காச் செலவு, அத்தோட வால்வுக் கவலை தீந்துச்சு. கேப் மாறாம நின்னுதுன்னா, பாட்டிலுக்குக் குடுக்கற காசுல என்ற அக்காளுக்கு ஒரு சீலை எடுத்துக் குடு.

இப்ப உன்ற வண்டியைத் தின்னுக்கிட்டிருக்கறது வேற. பங்க்குல ஊத்தற பெட்ரோல்ல நூத்துக்கு இருவது பங்கு எத்தனால். அது தண்ணியை இழுக்கும். மாசக்கணக்கா நின்ன வண்டியில டேங்க் உள்ளாற துரு புடிக்கும். பழைய ரப்பர் ஓஸ், பெட்ரோல் பம்ப் டயாப்ரம் எல்லாம் ஊறிப் பொதபொதன்னு ஆயிரும், இல்ல வெடிச்சுப்போகும். சூடான இஞ்சின் மேல பெட்ரோல் ஒழுகுனா வால்வு எறங்கறதைப் பத்திக் கவலைப்படவே நேரம் இருக்காது. ஓஸையும் டயாப்ரத்தையும் எத்தனாலுக்குத் தாங்கறதாப் பாத்து மாத்து, வண்டியை வாரம் ஒருக்கா எடுத்து ஓட்டு. ஓஸ் வெடிக்காம இருக்க ஏதாச்சும் பாட்டில் விக்கறாங்களான்னு மட்டும் கடையில கேட்றாத. விப்பாங்க.